மேலுகோட்டையில் ஒரு முழு நாள்: திருநாராயணன் சேவையும் புளியோகரையும்

பெங்களூரிலிருந்து மேலுகோட்டைக்குப் போகிறவர்களில் நிறைய பேர் மைசூர் போகும் வழியில் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். வண்டியை நிறுத்தி, பெருமாளைச் சேவித்து, புளியோகரை (கன்னட நாட்டுப் புளியோதரை) பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் போகாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். காலையிலேயே போய்ச் சேருங்கள், நடை சாத்தியதும் ஓடாதீர்கள், மாலையில் திரும்பத் திறக்கும் வரை அந்த ஊரிலேயே இருங்கள். பெங்களூரில் வாழும் தமிழர்களுக்கு இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு சொந்தமாக இன்னொரு தலம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அல்சூரிலிருந்து நாங்கள் விடியும் முன்பே புறப்பட்டோம். நான், கணவர், அத்தை. தூரம் 130, 140 கிலோமீட்டர் இருக்கும். 2023ல் திறந்த மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் அந்தச் சாலை பிடதி, ராமநகரம், சென்னபட்டணா, மத்தூர் என்று எல்லா ஊரையும் ஒதுக்கிவிட்டுப் போகிறது. சாப்பிட வேண்டுமானால் பழைய சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும். பிடதியில் தட்டு இட்லி. அகலத் தட்டில் வார்த்த, பஞ்சு மாதிரியான இட்லி, மேலே வெண்ணெய். அத்தைக்கு ஒன்றே போதுமாக இருந்தது. மத்தூரில் வடை. ரவை, அரிசி மாவு, மைதா மாவில் வெங்காயம் நிறையப் போட்டு, தட்டையாகத் தட்டிப் பொரிப்பது. நம் ஊர் மெதுவடையை நினைத்துக்கொண்டு கடிக்கக் கூடாது, இது மொறுமொறுவென்று வேறு மாதிரி. சேவிப்பதற்கு முன்னால் வெங்காயம் வேண்டாம் என்று இருப்பவர்கள் அதைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளலாம். அத்தை அப்படித்தான் செய்தார்.

மண்டியாவைத் தாண்டி உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் கரும்பும் நெல்லும். பிறகு பாறையும் புதருமாகக் குன்றுகள் தொடங்கும். அந்தக் காட்டின் ஒரு பகுதி ஓநாய்களுக்காகவே அறிவிக்கப்பட்ட சரணாலயம். மேலே ஏறி ஒரு வளைவில் திரும்பியதும், குன்றின் உச்சியில் யோக நரசிம்மர் கோபுரம் தெரிந்தது. அத்தை காருக்குள்ளேயே கைகூப்பிவிட்டார்.

மேலுகோட்டை ராமானுஜரின் ஊர். 1017ல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தவர், சோழ நாட்டில் இருக்க முடியாத நிலை வந்தபோது ஹொய்சள நாட்டுக்கு வந்தார். ஹொய்சள அரசன் பிட்டிதேவன் வைணவனாகி விஷ்ணுவர்தனன் ஆனது அவர் காலத்தில்தான். இந்த மலையில் புதர் மூடிக் கிடந்த திருநாராயணனை வெளியே எடுத்துப் பிரதிஷ்டை செய்து, கோயில் நடைமுறைகளை வகுத்து, சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் இங்கே இருந்தார் என்பது வைணவ ஆசாரியர்களின் குருபரம்பரை வரலாறு. ஸ்ரீரங்கம், திருமலை, காஞ்சி, அதற்கு அடுத்துத் திருநாராயணபுரம் (மேலுகோட்டையின் இன்னொரு பெயர்) என்று வைணவர்கள் சேர்த்துச் சொல்வதற்கு அதுதான் காரணம். ஆழ்வார்கள் பாடிய தலங்களான 108 திவ்ய தேசங்களில் இந்தத் தலம் வராது. ஆனாலும் நம்மாழ்வாரின் ‘ஒருநாயகமாய்’ பதிகத்தில் ‘திருநாரணன் தாள் காலம்பெறச் சிந்தித்து உய்ம்மினோ’ என்று வருகிறதே, அந்தத் திருநாரணன் இவர்தான் என்று பெரியவர்கள் கொண்டாடுகிறார்கள்.

உற்சவர் செல்வப்பிள்ளை. அவர் திருமேனி டில்லி சுல்தானின் அரண்மனையில் இருந்ததாகவும், ராமானுஜர் அங்கே போய் “செல்வப்பிள்ளாய் வாராய்” என்று அழைக்க, குழந்தையாக நடந்து வந்து அவர் மடியில் ஏறியதாகவும் வரலாறு. அவரைப் பிரிய முடியாமல் பின்னாலேயே வந்தாள் சுல்தானின் மகள். பீபி நாச்சியார் என்று அவளுக்கும் பெருமாளின் திருவடியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கதையை அத்தை எனக்குச் சொல்லியிருக்கிறார், நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்தச் சன்னதியில் நின்றுகொண்டு கேட்கும்போது கண் கலங்குகிறது. அந்தப் பயணத்தில் துணை நின்ற, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த மக்களுக்கு ராமானுஜர் திருக்குலத்தார் என்று பெயர் வைத்தார், அந்தக் காலத்திலேயே திருவிழா நாட்களில் கோயிலுக்குள் வரும் உரிமையும் கொடுத்தார். இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

உள்ளே ராமானுஜர் சன்னதியில்தான் நாங்கள் நீண்ட நேரம் நின்றோம். அவர் ஸ்ரீரங்கம் திரும்பப் புறப்பட்டபோது இங்கிருந்த அடியார்கள் அழுதார்களாம். அவர்களுக்காகத் தம்மைப் போலவே ஒரு விக்ரகம் செய்யச் சொல்லி, அதைத் தழுவிக் கொடுத்துவிட்டுப் போனார். தமர் உகந்த திருமேனி, அதாவது அடியார்கள் உகந்த திருமேனி, என்பது அதுதான். ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது தாம் உகந்த திருமேனி, ஸ்ரீரங்கத்தில் தானான திருமேனி. மூன்றையும் சேவிக்க வேண்டும் என்பது அத்தையின் நெடுநாள் ஆசை. நாங்கள் நிற்கும்போதே பக்கத்தில் சிலர் பாசுரம் சேவிக்கத் தொடங்கினார்கள். வெளியே கடைகளில், பெயர்ப் பலகைகளில் எங்கும் கன்னடம். உள்ளே அட்சரம் பிசகாத தமிழ்.

“இவ்வளவு தூரம் வந்து நம்ம ஆழ்வார் பாட்டைக் கேக்குறோம் பாரும்மா” என்றார் அத்தை.

“நீங்களும் கூடச் சொல்லுங்க அத்தை” என்றேன். சொன்னார். முன்னால் நின்ற ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்து, தள்ளி நின்று இவருக்கு இடம் விட்டார். இந்த ஊரின் மண்டயம் ஐயங்கார் குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் கன்னட நாட்டில் இருந்தும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். கன்னடத்தின் பெரிய கவிஞர் பு.தி. நரசிம்மாச்சார் 1905ல் பிறந்தது இங்கே, அப்படி ஒரு குடும்பத்தில். ஜெயலலிதா அம்மையார் 1948ல் பிறந்ததும் இந்த மேலுகோட்டையில்தான்.

முதலில் மலை ஏறிவிட்டுப் பிறகு திருநாராயணன் இருக்கும் கீழ்க்கோயிலுக்கு வருவது நல்லது, வெயிலுக்கு முன்னால் படி ஏறிவிடலாம். யோக நரசிம்மர் முழங்காலைச் சுற்றி யோகப் பட்டை கட்டி அமர்ந்திருக்கிறார். பிரகலாதன் பிரதிஷ்டை செய்த மூர்த்தி என்பது ஐதிகம். படிகள் சில நூறு இருக்கும், மூச்சு வாங்கத்தான் செய்யும். அவசரப்படாமல் மண்டபத்துக்கு மண்டபம் உட்கார்ந்து ஏறினால் அறுபது வயதுக்காரர்களும் ஏறிவிடலாம். குரங்குகள் அதிகம். கையில் பிரசாதப் பையோ தேங்காயோ தெரியும்படி வைத்திருக்க வேண்டாம், மூக்குக் கண்ணாடியையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் கல்யாணி தீர்த்தம் கீழே சதுரமாக, சுற்றிலும் கல் மண்டபங்களோடு தெரிகிறது.

அப்புறம் சாப்பாடு. மதியம் நடை சாத்தியதும் எல்லாரும் போகிற இடம் புளியோகரை விற்கும் சின்னச் சின்ன மெஸ்கள்தான். சுப்பண்ணா மெஸ் பெயர் பெற்றது. நீங்கள் போகும்போது கூட்டமாக இருந்தால் வீட்டுத் திண்ணை மாதிரியான மற்ற இடங்களிலும் தயங்காமல் உட்காரலாம். புளியோகரை, சர்க்கரைப் பொங்கல், தயிர் சாதம், இவ்வளவுதான் பெரும்பாலும். அது போதும். நம் வீட்டுப் புளியோதரையில் நல்லெண்ணெயும் பெருங்காயமும் வறுத்த தனியாவும் முன்னால் நிற்கும். இங்கே வெல்லம், மிளகு, எள், கொப்பரைத் தேங்காய் எல்லாம் புளியோடு சேர்ந்து சுண்டிக் கருத்த கொஜ்ஜு. முதலில் இனிப்பு, அடுத்துப் புளிப்பு, காரம் கடைசியில் மெதுவாக வருகிறது. வெல்லத்துக்குக் குறை என்ன, சுற்றிலும் மண்டியா கரும்புதானே. அத்தை முதல் கவளத்தில் “தித்திக்குதே” என்று முகம் சுளித்தார், மூன்றாவது கவளத்தில் இன்னொரு கரண்டி கேட்டார். எனக்கு இந்த ஊர்ப் பக்குவம்தான் பிடித்திருக்கிறது, மறுநாள் காலையில் சாப்பிட்டால் இன்னும் ருசி. பொடியும் கொஜ்ஜும் வாங்கி வரலாம். பெருமாள் பிரசாதம் கிடைத்தால் முதலில் அதைச் சாப்பிடுங்கள், மெஸ்ஸுக்கு அதன் பிறகு போகலாம்.

சாப்பிட்டுவிட்டு கல்யாணி மண்டபத்து நிழலில் சாய்ந்து உட்காரலாம். கால் வலிக்கவில்லை என்றால் முடிக்கப்படாமல் நிற்கும் ராயகோபுரம் வரை நடக்கலாம். பிரமாண்டமான தூண்கள், மேலே எதுவும் இல்லை, காற்று மட்டும் பலமாக வீசுகிறது. அதன் பக்கத்தில் அக்கா தங்கி கொளா என்று இரட்டைக் குளங்கள். ஒன்றின் நீர் குடிக்க ஏற்றது, இன்னொன்று அப்படி இல்லை என்கிறார்கள். சமஸ்கிருத ஆராய்ச்சி நிறுவனமும் இந்த ஊரில் இருக்கிறது. கைத்தறி வேட்டி, துண்டு வேண்டுமானால் ஜனபத சேவா டிரஸ்ட்டில் கேட்டுப் பாருங்கள். நெற்றிக்கு இடும் திருமண் இந்த மலை மண்தான், ராமானுஜருக்கு இங்கே கிடைத்தது என்பார்கள், அதையும் மறக்காமல் வாங்குங்கள்.

மாலை சேவைக்குப் பிறகு நேரம் இருந்தால், அல்லது காலையில் வரும்போதே, பாண்டவபுரா பக்கத்தில் தொண்டனூருக்குப் போகலாம். நம்பி நாராயணன் கோயில், அதை ஒட்டிய மலைகளுக்கு நடுவே ராமானுஜர் காலத்து ஏரி. திருமலை சாகரம் என்று அவர் பெயரிட்டதாகச் சொல்கிறார்கள். மேலுகோட்டைக்கு வருகிற கூட்டத்தில் பாதிகூட இங்கே வருவதில்லை, அது வருத்தம்தான்.

பங்குனியில் வைரமுடி சேவை. மண்டியா அரசுக் கருவூலத்தில் இருக்கும் வைரமுடி, காவலோடு ஊர்வலமாக மலைக்கு வரும். கருடன் கொண்டுவந்த கிரீடம் அது, வழியில் அதிலிருந்து விழுந்த நீலக் கல்தான் நாச்சியார்கோவில் பக்கம் மணிமுத்தாறு ஆனது என்பது கதை. பெருமாள் தலையில் ஏறும் வரை யாரும் வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, பகல் வெளிச்சமும் படக் கூடாது என்பதால் இரவில்தான் சேவை. அன்று ஊரே கொள்ளாத கூட்டம், தங்க இடம் கிடைப்பது கஷ்டம், காரை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் மண்டியாவிலோ மைசூரிலோ அறை எடுத்துக்கொண்டு, பகலில் தூங்கி எழுந்து, மாலையில் போவது நல்லது. அடுத்த பங்குனிக்கு அத்தையை அப்படித்தான் கூட்டிப்போகப் போகிறோம்.