தண்டையலின் பேரன்

மாஸ்டர் போய்விட்டார் என்று வட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது ரொறன்ரோவில் நடுச்சாமம். விடிவதற்குள் நினைவு மலர்க்குழு கட்டுரை கேட்டுவிட்டது. பெயர் போடத் தேவையில்லை. சமூகக்கல்வி மாஸ்டர் என்றாலே எழுபதுகளில் படித்தவர்களுக்குக் காது தானாகச் சிவக்கும்.

பாடப்புத்தகம் அவருக்கு ஒரு சாட்டு. பிரெஞ்சுப் புரட்சியில் தொடங்கினாலும் மணியடிக்கையில் அன்னபூரணியில்தான் நிற்பார். வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டிய கப்பல். ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கிப் பெயரை மாற்ற, நம்மூர்க் கடலோடிகளே சுயஸ், ஜிப்ரால்டர் தாண்டி 1938 ஓகஸ்டில் மசச்சூசெற்சின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். பர்மா அரிசி, தேக்கு, வாடைக்காற்று, சோளகக்காற்று எல்லாம் அந்தக் கப்பலைச் சுற்றித்தான் எங்களுக்கு வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு பாஸ்போர்ட், சுங்கம் என்று கெடுபிடி வந்து பாய்க்கப்பல் ஓட்டம் படுத்ததைச் சொல்லும்போது மட்டும் சோக்கட்டியைக் கீழே வைத்துவிடுவார். அதன் பிறகு இரவில் ஓடிய வள்ளங்களைப் பற்றி அவர் பாடம் எடுக்கவில்லை. அதை நாங்கள் வீட்டிலேயே படித்திருந்தோம்.

இத்தனைக்கும் மாஸ்டர் கடற்கரைக்காரர் இல்லை. தோட்டக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கலியாணம் கட்டியவர். வள்ளத்தில் கால் வைத்தால் சத்தி எடுப்பார் என்று கேள்வி.

1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் பாக்கு நீரிணையைப் போய்த் திரும்பி நீந்தியபின் ஊர்ப் பெடியள் எல்லாம் கடலுக்குள்ளேயே கிடந்தார்கள், ஒரு தண்டையலின், அதாவது பாய்க்கப்பல் தலைவரின், பேரனான என்னைத் தவிர. இது மாஸ்டரின் காதுக்குப் போனது.

"தண்டையல்ர பேரனுக்கு நீந்தத் தெரியாதாம்!"

மேசையில் குப்புறப் படுக்கவைத்துக் கையையும் காலையும் அடிக்கச் சொன்னார். அடித்தேன். வகுப்பு உருண்டு சிரித்தது. அழுதபடி வீட்டுக்குப் போய் என் தாத்தா அப்புவிடம் முறையிட்டால், அவர் சுருட்டை எடுக்காமலே சொன்னார்: "கப்பல்காரனுக்கு நீச்சல் என்னத்துக்கு? நீந்த வேண்டி வந்தால் அது தண்டையல்ர பிழை."

மறுநாள் இதை மாஸ்டரிடமே சொன்னேன். அடி விழும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார். அன்று பின்னேரமே அப்புவைத் தேடி வீட்டுக்கு வந்தவர், அப்பு கண்மூடும் வரை வந்துகொண்டே இருந்தார். என் அப்புவின் கடற்கதைகளில் முக்கால்வாசி என்னிடம் இல்லை. அந்தக் கொப்பிகளில் இருந்தன. இடப்பெயர்வுகளில் அவையும் போயின.

எண்பதுகளில் ஒவ்வொருவராகக் கிளம்பினோம். கடலோடிப் பரம்பரை என்று மேடையில் முழங்குகிற நாங்கள் எல்லோரும் விமானத்தில்தான் வந்திறங்கினோம். மாஸ்டர் அசையவில்லை. நான் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் சுகம் விசாரிக்க முன்னமே கேட்பார்: "குளோஸ்டர் போய்ப் பார்த்தியோடா?"

"வாற சம்மருக்குப் போறன், மாஸ்டர்."

ஒரு நாள் கார் ஓட்டம்தான். முதலில் இரட்டை வேலை, பிறகு வீட்டுக் கடன், பிறகு பிள்ளைகளின் ஹொக்கி. இப்போது ஓய்வூதியம் எடுத்தாகிவிட்டது, நேரம் கிடக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு யாருக்கு எடுத்துச் சொல்வது?