ஒரு கார்டுக்கு ஒரு பெயர்

நான் மதுரைக்காரன். மொரிசியஸில் எபேன் சைபர் சிட்டியில் வேலை, ரோஸ் ஹில்லில் வீடு. எங்கள் பகுதிக் கோவிலில் தைப்பூச அன்னதானத்தை இளைஞர் குழுதான் பார்த்துக்கொள்கிறது. தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. காவடி இறக்கியதும் வாழை இலை போட்டு ஏழு கறியோடு சாப்பாடு. பத்து நாள் விரதம் இருந்தவர்கள் வந்து உட்காரும் பந்தி அது.

2023இல் வேலைகளை வாட்ஸப்பிலிருந்து ட்ரெல்லோவுக்கு மாற்றினேன். வேலைகளைப் பிரித்துக் காட்டும் செயலி அது: ஒரு வேலைக்கு ஒரு கார்டு, கார்டுகள் சேர்ந்தது லிஸ்ட், லிஸ்டுகள் சேர்ந்தது போர்டு. அலுவலகத்தில் தினமும் புழங்குவது என்பதால் எல்லாம் எளிதாக நடந்துவிடும் என்று நம்பினேன். யாரையும் குறைவாக நடத்தக்கூடாது என்று பதினெட்டுப் பேரையும் அட்மின் ஆக்கினேன். ஒரு தம்பி கை தவறி ‘சமையல்’ லிஸ்டையே ஆர்க்கைவ் செய்துவிட்டான், அதாவது போர்டில் தெரியாமல் ஒதுக்கிவிட்டான். ஆர்க்கைவ் செய்தது அழிவதில்லை, மீட்டுவிடலாம். ஆனால் அது தெரியாமல் அரை நாள் எல்லாரும் தவித்தார்கள்.

வாழை இலைதான் பெரிய அடி. அந்தக் கார்டில் நான்கு பேரைச் சேர்த்திருந்தேன். ட்ரெல்லோ ஒரு கார்டுக்கு எத்தனை மெம்பரையும் ஏற்கும். முதல் நாள் நால்வருக்கும் நினைவூட்டல் போயிருக்கிறது. மற்ற மூவரில் ஒருவர் வெட்டிக்கொண்டு வருவார் என்று நால்வருமே இருந்துவிட்டார்கள். விடிந்தால் இலை இல்லை. கடைக்கு ஓடிக் காகிதத் தட்டு வாங்கி வந்தோம். வரிசையில் முதலில் இருந்த ஒரு பெரியம்மா தட்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வருடம் அட்மின் இரண்டே பேர், நானும் குழுத் தலைவி அக்காவும். மற்றவர்கள் சாதாரண மெம்பர்கள். கார்டை நகர்த்த, கருத்து எழுத அது போதும். ஒரு கார்டுக்கு ஒரே முகம். உதவிக்கு வருபவர்கள் அந்தக் கார்டை ‘வாட்ச்’ செய்துகொள்ளலாம், மாற்றம் நடந்தால் தகவல் வரும். ஆனால் பொறுப்பு ஒருவருக்குத்தான்.

தலைப்பையும் மாற்றினோம். ‘வாழை இலை’ என்றால் அது பொருள், வேலை இல்லை. ‘300 இலை வெட்டித் துடைத்து புதன் மாலை 5 மணிக்குள் கோவிலில் வைப்பது’ என்று எழுதினோம். அதையே இங்கே பேச்சுமொழியான கிரியோலிலும் எழுதவேண்டி இருந்தது. பிள்ளைகளுக்குத் தேவாரம் மனப்பாடம், தமிழ் எழுத்து மட்டும் பாதிப் பேருக்கு ஓடாது. வாழை இலைக்கு ‘ஃபெய் பனான்’ என்று பார்த்ததும் புரிந்துகொண்டார்கள்.

சமையல் பார்க்கும் ஐயா ஸ்மார்ட்போன் வைத்துக்கொள்வதில்லை. அவர் பெயரில் ஒரு மெம்பர் கணக்கு திறக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்காத கணக்கில் வேலையைப் போட்டுவிட்டு ‘கொடுத்தாச்சு’ என்று சொல்வது நியாயமில்லை. அவருடைய பேத்தியின் பெயரில் கார்டைப் போட்டு, செக்லிஸ்டை அச்சடித்து அடுப்படிச் சுவரில் ஒட்டினோம்.

அப்புறம்தான் சோதனை. தைப்பூசம் 2024 ஜனவரி 25. பத்து நாள் முன்பு, 15ஆம் தேதி, பெலால் புயல் அடித்தது. போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம். இலைக்குப் பேசி வைத்திருந்த தோட்டத்தில் மரங்கள் அத்தனையும் சாய்ந்துவிட்டன. மறுநாள் நான் போர்டைத் திறந்தபோது இலைக் கார்டில் ஏற்கெனவே ஒரு குறிப்பு இருந்தது. பொறுப்பில் இருந்த தங்கை எழுதியது: ‘அந்தத் தோட்டம் போச்சு அண்ணா. இன்னும் மூன்று வீட்டில் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சொல்கிறேன்.’ நான் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்று வீடுகளின் பெயரையும், எந்த வீட்டில் எத்தனை இலை என்பதையும் செக்லிஸ்டாகப் போட்டாள். புதன்கிழமை நாலரை மணிக்குக் கோவில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. புயலில் ஓரம் கிழிந்த இலைகளும் இருந்தன. அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, நல்லதை ஈரத்துணியால் துடைத்து அடுக்கினோம். அவள் எண்ணி முடித்தபோது 312. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, கார்டை ‘முடிந்தது’ லிஸ்டுக்கு இழுத்து விட்டாள்.