விருந்தோம்பி யார்? ஒட்டுண்ணியியல் தேர்வுக்கு நான் படித்த முறை

ஒட்டுண்ணி தங்கி வாழும் உயிரைத்தான் விருந்தோம்பி என்கிறோம். மலேரியா ஒட்டுண்ணிக்கு முதன்மை விருந்தோம்பி யார் என்று முதல் வாய்மொழித் தேர்வில் கேட்டபோது, சற்றும் யோசிக்காமல் மனிதன் என்று சொல்லிவிட்டேன். தேர்வாளர் மறுக்கவில்லை, ஏன் என்று மட்டும் கேட்டார். நோய் வருவது மனிதனுக்குத்தானே என்று நான் சொன்ன காரணம், வரையறையை மனப்பாடம் செய்திருந்தேனே தவிரப் புரிந்துகொள்ளவில்லை என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. முதன்மை என்ற சொல்லை முக்கியத்துவம் என்ற பொருளில் எடுத்துக்கொண்டதுதான் என் பிழை. அதனால் அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் இறுதி விருந்தோம்பி என்றே எழுதத் தொடங்கினேன்.

ஒட்டுண்ணியின் முதிர்ந்த நிலை எந்த உயிரில் வாழ்கிறதோ, அல்லது அதன் பாலினப் பெருக்கம் எதில் நடக்கிறதோ, அதுவே இறுதி விருந்தோம்பி. இளம்புழு நிலை வளர்வதும் பாலிலாப் பெருக்கம் நடப்பதும் இடைநிலை விருந்தோம்பியில். யார் நோயுறுகிறார்கள் என்பதற்கு இதில் இடமே இல்லை. மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியத்தின் ஆண், பெண் பாலணுக்களின் முன்னணுக்கள் மனித இரத்தத்தில் உருவானாலும், அவை இணைவது அனாஃபிலஸ் கொசுவின் இரைப்பையில்தான். 1897இல் ரொனால்ட் ராஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் கண்ட நிறமித் துகள் கொண்ட கூடுகள் அந்த இணைவின் விளைவே என்று தெரிந்துகொண்ட பிறகு, கொசுதான் இறுதி விருந்தோம்பி என்பது எனக்கு மறக்கவேயில்லை. யானைக்கால் நோயை உண்டாக்கும் உச்சரீரியாவையும் கொசுதான் பரப்புகிறது, ஆனால் அங்கே நிலைமை தலைகீழ். ஆண், பெண் புழுக்கள் மனிதனின் நிணநீர் நாளங்களில் வாழ்வதால் மனிதனே இறுதி விருந்தோம்பி. கொசுவுக்குள் செல்லும் மைக்ரோஃபைலேரியா, அதாவது அந்தப் புழு ஈனும் நுண்ணிய இளம்புழு, மூன்றாம் நிலை இளம்புழுவாக வளர்கிறதே ஒழிய எண்ணிக்கையில் பெருகுவதில்லை. பிளாஸ்மோடியமோ கொசுவுக்குள் வளர்வதோடு பெருகவும் செய்கிறது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், உயிரியல் கடத்திகளின், அதாவது ஒட்டுண்ணியைத் தம்முள் வளர்த்துப் பரப்பும் உயிர்களின், வகைகளைப் பற்றிய கேள்விக்குத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

பிறகு ஒவ்வொரு ஒட்டுண்ணிக்கும் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டேன்: எந்த நிலையில் உள்ளே நுழைகிறது, எங்கே தங்குகிறது, எந்த நிலையில் வெளியேறுகிறது. நோய்க்குறி, பரிசோதனைக்கு எடுக்க வேண்டிய மாதிரி, தடுப்புமுறை ஆகிய மூன்றும் பெரும்பாலும் இவற்றிலிருந்தே வந்துவிடுகின்றன. உருளைப்புழுவின் முட்டை மலத்தில் வெளியேறும்போது தொற்றும் நிலையில் இருப்பதில்லை. மண்ணில் இரண்டு மூன்று வாரங்கள் கிடந்து, உள்ளே இளம்புழு உருவாக வேண்டும். ஆகவே அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேரடியாகப் பரவுவதில்லை. ஊசிப்புழு இரவில் ஆசனவாயைச் சுற்றி இடும் முட்டைகளோ ஏறத்தாழ ஆறு மணி நேரத்திலேயே தொற்றும் தகுதியைப் பெற்றுவிடுகின்றன. சொறிந்த விரல் வாய்க்குப் போவதால் அதே குழந்தைக்கு மீண்டும் மீண்டும் தொற்று வருவதும், மலப் பரிசோதனையை நம்பாமல் காலையில் குளிப்பதற்கு முன் ஒட்டுநாடாவை அழுத்தி முட்டைகளை எடுப்பதும் இதனால்தான்.

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் பன்றி நாடாப்புழு. சரியாக வேகாத பன்றி இறைச்சியிலுள்ள இளம்புழுக் கூட்டை உண்டால், குடலில் முதிர்ந்த நாடாப்புழு வளர்கிறது. அப்போது மனிதன் இறுதி விருந்தோம்பி. அதே புழுவின் முட்டை உணவோடோ நீரோடோ வாய்வழியே சென்றால், அதிலிருந்து வெளிவரும் கரு குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு பயணித்து, தசையிலும் மூளையிலும் கண்ணிலும் கூடாகத் தங்குகிறது. இப்போது மனிதன் பன்றியின் இடத்துக்கு, அதாவது இடைநிலை விருந்தோம்பியாக, மாறிவிடுகிறான். வலிப்போடு வரும் நோயாளி பன்றி இறைச்சியைத் தொட்டதே இல்லை என்று சொன்னாலும், மூளையில் இந்தக் கூடு இருக்காது என்று சொல்லிவிட முடியாது. உண்டது கூடா, முட்டையா என்ற ஒன்றைக் கேட்டுப் பழகினால் இங்கே பிழை நேராது.

செய்முறைத் தேர்வில் என் மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் நுண்ணோக்கியின் நுண்திருகு. அமீபா கூட்டில் நான்கு உட்கருக்களை எண்ணிய மகிழ்ச்சியில், சீதபேதியை உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். திருகை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்பியிருந்தால் வேறு தளத்திலிருந்த மற்ற நான்கும் தெரிந்திருக்கும். எட்டு உட்கரு கொண்ட அது எண்டமீபா கோலை, தீங்கு செய்யாமல் குடலில் உடன்வாழும் உயிரி. அதற்குச் சிகிச்சை தேவையில்லை. மலம் கலந்த உணவோ நீரோ உட்கொள்ளப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. உடன்வாழ்வுக்கும் ஒட்டுண்ணி வாழ்வுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

விருந்தோம்பிக்கும் ஒட்டுண்ணிக்கும் உள்ள உறவைப் பற்றிய கட்டுரை வினாவில், தீங்குகளைப் பட்டியலிடுவதைவிட அவை எப்படி நேர்கின்றன என்று எழுதுவது நல்லது. தொற்று வேறு, நோய் வேறு என்பதிலிருந்து நான் தொடங்குவேன். ஆங்கைலோஸ்டோமா கொக்கிப்புழு ஒன்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.2 மி.லி. வரை இரத்தம் இழக்கப்படுகிறது. இன்னொரு கொக்கிப்புழுவான நெக்கேட்டரால் ஏறத்தாழ 0.03 மி.லி. மட்டுமே. சில புழுக்கள் இருந்தால் ஒன்றும் தெரியாது. நூறு ஆங்கைலோஸ்டோமா இருந்தால் அன்றாட இழப்பு 20 மி.லி.யை எட்டி, இரும்புச்சத்துக் குறைபாட்டில் கொண்டுபோய் விடும். குடற்புழுக்கள் பொதுவாக மனித உடலுக்குள் எண்ணிக்கையில் பெருகுவதில்லை என்பதால் புழுக்களின் எண்ணிக்கையே நோயின் கடுமையைத் தீர்மானிக்கிறது. இதற்கு விலக்கான ஸ்ட்ராங்கிலாய்டிஸ், உடலுக்குள்ளேயே தொற்றைத் தொடர்வதால், நோயெதிர்ப்பைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களுக்கு உயிராபத்தாக மாறலாம். ஆப்பிரிக்கத் தூக்க நோயின் டிரிப்பனோசோமா தன் மேலுறைப் புரதத்தை மாற்றிக்கொண்டே இருந்து எதிர்ப்பொருள்களை ஏமாற்றுகிறது. விருந்தோம்பியின் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது: அரிவாள் அணு மரபணு ஒன்று மட்டும் உள்ளவர்களுக்குக் கடுமையான ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து கணிசமான பாதுகாப்பு உண்டு.

வகைப்பாட்டுக்கு ஒரு மாலைப்பொழுது போதும் என்பது என் கருத்து. வாழ்க்கைச் சுழற்சிப் படங்களுக்கு மீதி நேரத்தைக் கொடுத்து, தொற்றும் நிலையை ஒரு நிறத்திலும் பரிசோதனையில் காணப்படும் நிலையை இன்னொரு நிறத்திலும் குறித்து, பார்க்காமல் வரையும்வரை திரும்பத் திரும்ப வரையுங்கள்.

இறுதி வாய்மொழித் தேர்வில், நாயின் நாடாப்புழுவான எக்கினோகாக்கஸின் வாழ்க்கைச் சுழற்சியில் மனிதனின் இடம் என்ன என்று கேட்டார்கள். எதிர்பாராத இடைநிலை விருந்தோம்பி என்றும், மனிதனின் உறுப்பை நாய் தின்ன வாய்ப்பில்லாததால் சுழற்சி அங்கேயே முடிந்துவிடுகிறது என்றும் சொன்னேன். அப்படியானால் நோயாளியின் மலத்தில் முட்டையைத் தேடுவீர்களா என்று அடுத்த கேள்வி வந்தது. முட்டையிடும் முதிர்ந்த புழு இருப்பது நாயின் குடலில். மனிதனிடம் இருப்பது கல்லீரலிலோ நுரையீரலிலோ இளம்புழுக் கூடு மட்டும்தான், எனவே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். தேர்வாளர் அடுத்த ஸ்லைடை என் பக்கம் தள்ளினார்.