“ஜோதா பாய் வீடுதானே தம்பி?”

“இது ஜோதா பாய் வீடுதானே தம்பி?” என்று எங்கள் டூரில் வந்த ஒரு அம்மா கேட்டார். “ஆமாம்மா” என்றேன். மூன்று வருடம் ஆகியும் அந்த ஒரு வார்த்தை உறுத்துகிறது.

ஆக்ராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபத்தேபூர் சிக்ரியில் கைடு இந்தியில் சொல்வதைத் தமிழில் சொல்வது டூர் மேனேஜரான என் வேலை. ஜோதா பாய் என்று எல்லோரும் சொல்வது அக்பரின் மனைவியை, ஜஹாங்கீரைப் பெற்ற ராஜபுத்திர ராணியை. அவருக்கு மரியம்-உஸ்-ஸமானி என்பது பட்டம். அக்பர் காலத்து நூல்களில் ஜோதா பாய் என்ற பெயரே கிடையாது. அது பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பெயர். 1571-இல் அக்பர் எழுப்பத் தொடங்கிய அந்த நகரத்தில் இதுதான் அந்தப்புரத்தின் பெரிய மாளிகை. ஒரு ராணிக்கு மட்டும் கட்டியது என்று சொல்ல ஆதாரமில்லை. இதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஆனால் தொல்லியல் துறை பலகையிலேயே அந்தப் பெயர்தான் இருக்கிறது. பக்கத்தில் நின்ற கைடுக்கு அந்தக் கதைதான் சோறு. அவரை வைத்துக்கொண்டு எப்படி மறுப்பது? வெயில் வேறு.

அந்த அம்மா தூண் பக்கம் போனார். சங்கிலியில் மணி தொங்குவது போலச் செதுக்கிய சிவப்புக் கல். ஒவ்வொரு கண்ணியாக விரலால் தடவி, “எங்க ஊர் கோயில் மணி மாதிரியே இருக்கே” என்றார். எவ்வளவு சரியாகப் பிடித்துவிட்டார்! குஜராத், ராஜஸ்தான் பக்கத்துக் கல்தச்சு மரபு அது. கோயிலில் பழகிய கை வேலை அரண்மனைக்கு வந்திருக்கிறது. அதைச் சொல்லியிருக்கலாம். யாருடைய கதையையும் மறுக்க வேண்டியிருந்திருக்காது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ராத்திரி ரயிலில் பேத்தியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஜோதா பாய் சாமி கும்பிட்ட தூணைத் தொட்டேன்டி.” அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை? சரி, ஆனால் அந்தப் பேத்தி பள்ளிக்கூடத்தில் போய் அதையே சொல்வாளே.

அடுத்த முறை போனபோது உள்ளதைச் சொல்லிவிட்டேன். “அப்போ இங்க யார்தான் இருந்தாங்க?” என்று ஒருவர் கேட்டார். “அந்தப்புரத்துப் பெண்கள். இன்னார் என்று பெயர் சொல்ல முடியாது” என்றேன். கூட்டம் பஞ்ச் மஹால் பக்கம் நகர்ந்துவிட்டது. தூணை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

கைடு அன்றைக்கு மதியம் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.