மூன்றாம் சிலிண்டரின் ஈரம்

"அண்ணே, இது கசிவா, வெறும் ஈரமா?" பையன் கேட்டது இவ்வளவுதான். "அஞ்சு நிமிஷத்துல சொட்டு விழலேல்ல? மாட்டு" என்றேன்.

நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினின் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகம். அதன் வால்வுகள் சீட்டில், அதாவது அவை உட்காரும் வளையத்தில், கசியாமல் அடைக்கின்றனவா என்று மண்ணெண்ணெய் ஊற்றிச் சோதித்துக்கொண்டிருந்தோம். அடிப்பக்கம் தட்டையாக இருப்பதால் மண்ணெண்ணெய் ஊற்ற அதில் குழி கிடையாது. காற்று, புகைக் குழாய்கள் (மேனிஃபோல்டு) மாட்டும் பக்கம் மேலே வரும்படி ஹெட்டை ஒருக்களித்து, அங்கே திறக்கும் போர்ட் என்ற துளைக்குள் ஊற்றி, வால்வு முகத்தைப் பார்க்க வேண்டும். போர்ட்டில் மட்டம் இறங்குவதை வைத்து முடிவு செய்யக் கூடாது, வால்வுத் தண்டு ஓடும் கைடு வழியாக ஸ்பிரிங் பக்கமும் இறங்கும். வால்வை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங், அதன் லாக் போட்டு, தண்டின் நுனியில் நைலான் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் ஊற்ற வேண்டும். சும்மா செருகிய வால்வு கசிந்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

இதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருந்தோம். ஏழு வால்வு உலர்ந்திருந்தது. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட், அதாவது புகை வெளியேறும் வால்வின் விளிம்பில் மட்டும், கீழ்ப்பக்கம், நகக்கண் அளவுக்கு மினுமினுப்பு.

நான் சொன்னது முழுத் தவறு என்று இன்றும் சொல்லமாட்டேன். சோதனையில் வால்வைப் பிடித்திருப்பது ஸ்பிரிங் மட்டுமே. எஞ்சின் ஓடும்போது சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தமே வால்வைச் சீட்டில் அமுக்கும். பேஸ்ட் தடவி வால்வைச் சீட்டோடு தேய்த்து லேப்பிங் செய்த பரப்பின் நுண்ணிய கீறல்களில் மண்ணெண்ணெய் ஊர்வது உண்டு.

ஆனால் அது எக்ஸாஸ்ட். அந்த வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட் வழியாகத்தான் இறக்குகிறது. முகம் முழுவட்டமாக ஒட்டாத இடத்தில் சூடு தேங்கும், தீ அந்த இடுக்கில் புகுந்து விளிம்பை அரித்துவிடும். காற்று உள்ளே வரும் இன்லெட் வால்வு என்றால் இந்தக் கவலை பாதிதான். ஈரம் ஒரே பக்கத்தில் இருந்ததுதான் என்னை உறுத்துகிறது. பேஸ்ட் குறைவு என்றால் சுற்றிலும் கசிந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால் கார்பன் துணுக்கு, தண்டு வளைவு, அல்லது தேய்ந்த கைடு. கைடு ஆடினால் எவ்வளவு லேப்பிங் செய்தாலும் வால்வு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்தான் உட்காரும். கழற்றி, தொடும் இடத்தைக் காட்டும் புளூ மையை வால்வு முகத்தில் தடவி, சீட்டில் வைத்துக் கால் சுற்று திருப்பியிருந்தால் வளையம் எங்கே அறுபடுகிறது என்று தெரிந்திருக்கும். கால் மணி நேர வேலை.

வண்டி அன்று மாலையே போக வேண்டியிருந்தது. அதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் நேரமில்லை என்று அவனிடம் நான் சொல்லவில்லையே, சரியாக இருக்கிறது என்றல்லவா சொன்னேன்?

மாட்டிய பிறகு சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜில் நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று ஒரு பார் அழுத்த வித்தியாசத்துக்குள் நின்றன. அப்போது நிம்மதியாக இருந்தது. ஆனால் வால்வு எரிய நாளாகும், முதல் நாள் கேஜில் அது தெரியாது. அந்த வண்டி திரும்பி வரவில்லை.

பையன் இப்போது தனியாகவே ஹெட் சோதிக்கிறான். முடித்ததும் என்னிடம் வந்து, "சொட்டு விழல அண்ணே" என்கிறான்.