இருபது ரூபாய் பாக்கி

எங்கள் தெருவுக்குப் பிரான்சிலிருந்து பணம் வருவது வழக்கம். ஆள் வருவதுதான் அபூர்வம். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், புதுச்சேரிக்காரர்கள் சொல்கிற 'சொல்தா'. 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் சொல்ல வேண்டும் என்றார்கள். தாத்தா சொல்லிவிட்டார். அவர் இறந்து பல வருடங்கள் ஆன பிறகும் ஆயாவுக்கு அந்தப் பென்சன் வருகிறது. அதற்காகத் தான் உயிரோடு இருப்பதை ஆயா அவ்வப்போது காகிதத்தில் காட்ட வேண்டும். "நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து எட்டு வயதில் பாரிசின் வடக்குப் புறநகருக்குப் போன பேத்தி, இருபத்தைந்து வயதில் ஒரு பெட்டியோடும், பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் முப்பதாயிரம் ரூபாய் வேலையோடும் திரும்பி வந்தால் தெரு என்ன நினைக்கும்? அங்கே ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தது. எனக்கு இது பிறந்த ஊர், ஆனால் புதிய நாடு. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை.

முதல் வாரத்திலேயே எதிர்வீட்டு அத்தை சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டார். சாப்பிட்டாயா, உடம்பு தேவலையா, சம்பளம் எவ்வளவு என்று அதே வரிசையில், அதே குரலில். பாரிசில் பத்து வருடம் பழகிய தோழியின் சம்பளம் இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் மழுப்பினேன். உள்ளே வந்ததும் ஆயாவிடம் திட்டு வாங்கினேன். "சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? முப்பதாயிரம் என்று தெரிந்தால் ஒருவரும் கடன் கேட்டு வரமாட்டார்கள். சொல்லாவிட்டால் மூன்று லட்சம் என்று அவர்களே வைத்துக்கொள்வார்கள்."

நான் வந்த சமயத்தில் ஒரு யூரோ ஏறக்குறைய நூறு ரூபாய். கணக்கில் மந்தமான எனக்கு இது பெரிய வசதி. இரண்டு சுழியை வெட்டிவிட்டால் போதும். பதினைந்து ரூபாய் டீ பதினைந்து சென்ட். முதல் மாதம் முழுக்க ஊரே இனாமாகக் கிடைப்பது போலிருந்தது. ஆட்டோக்காரர்கள் கேட்டதைக் கொடுத்தேன். என் 'ர' கொஞ்சம் தொண்டைக்குள் உருளும். அதைக் கேட்டதுமே அவர்களும் தாராளமாகத்தான் கேட்டார்கள். கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவர் வைத்த ஓட்டலில் முந்நூற்றைம்பது ரூபாய்க்குக் காபியும் குரோசானும் சாப்பிட்டுவிட்டு, மூன்றரை யூரோதானே என்று எழுந்து வந்தேன். குரோசான் சுமார்தான். முதல் சம்பளம் வந்த அன்று பழக்க தோஷத்தில் அதற்கும் இரண்டு சுழியை வெட்டினேன். முந்நூறு யூரோ. பாரிசில் ஓர் அறையின் பாதி வாடகைக்கும் காணாது. அன்றோடு வெட்டுவதை விட்டுவிட்டு, பெரிய வாய்க்காலுக்கு மேற்கே போய் இட்லி சாப்பிட ஆரம்பித்தேன்.

செலவழிக்கவும் எனக்கு வழி இல்லாமல் சில வாரங்கள் போயின. பிரெஞ்சு வங்கி அட்டையை நேரு வீதித் துணிக்கடையில் வாங்கிக்கொள்வார்கள், கீரைக்காரம்மா வாங்கமாட்டார். ஆனால் அவருடைய கூடையின் விளிம்பிலேயே கியூஆர் அட்டை தொங்குகிறது. 2016-இல் வந்த யுபிஐ இங்கே தெருவோரம் வரைக்கும் வேர் விட்டிருக்கிறது. எந்தச் செயலியாக இருந்தாலும் ஊருக்கு அது 'ஜிபே'தான். நானோ, பத்து யூரோவுக்குக் குறைந்தால் அட்டை வாங்கமாட்டோம் என்று எழுதி ஒட்டிய ரொட்டிக்கடைகளைப் பார்த்து வளர்ந்தவள். இளநீர் வண்டியில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டி, நாற்பது ரூபாய் வந்துவிட்டதென்று தமிழில் கூவியபோது திடுக்கிட்டுத் திரும்பினேன். முன்னேறிய நாட்டிலிருந்து வந்தவள் ஒருத்தி மட்டும் பர்சுக்குள் சில்லறை துழாவிக்கொண்டிருந்தாள்.

அந்த உலகத்துக்குள் நுழைய எனக்கு இங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டியிருந்தது. அதற்கு ஆறு வாரம் ஆயிற்று. இடித்தது என் பெயர். பிரெஞ்சுக் காகிதங்களில் தாத்தாவின் பெயர்தான் எங்கள் குடும்பப் பெயர். அப்பாவுக்கும் அதுவே, எனக்கும் அதுவே. வங்கி ஊழியர் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "இது உங்கள் வீட்டுக்காரர் பெயரா?" என்றார். தாத்தா பெயர் என்றேன். "அப்படியானால் அப்பா பெயர் எங்கே?" அதுவும் தாத்தா பெயர்தான் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையில் ஒருத்தி, பான் அட்டையில் இன்னொருத்தி, முகவரிச் சான்றில் மூன்றாமவள். மூன்று பேரும் ஒருத்திதான் என்று நிரூபிப்பதைவிட, உயிரோடு இருப்பதை நிரூபிக்கும் ஆயாவின் வேலை சுலபம்.

அந்த ஆறு வாரமும் நோட்டும் நாணயமுமாகத் திரிந்ததில் ஒன்று கற்றேன். பத்து ரூபாய் நாணயத்தை நாலு கடையில் நீட்டினால் இரண்டு கடையில், "செல்லாது, வேறு கொடுங்கள்" என்பார்கள். வெவ்வேறு காலத்தில் வெளியான பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இலேயே சொல்லியிருக்கிறது. அதைக் கைபேசியில் எடுத்து ஒரு மளிகைக்கடை அண்ணனிடம் காட்டினேன். பொறுமையாகப் படித்தார். "சரிதான் பாப்பா, ரிசர்வ் வங்கி வாங்கிக்கொள்ளும். என்னிடம் சரக்குப் போடுகிறவர் வாங்கமாட்டாரே?" பணம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

தை மாதம் கடலூரில் ஒரு கல்யாணம். ஆயாவும் நானும் பஸ்ஸில் போனோம். ஐம்பது ரூபாய் கொடுத்தேன். நடத்துநர் டிக்கெட்டின் பின்புறம் பேனாவால் மீதித் தொகையைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். கொடுக்க வேண்டிய காசை அவர் கையெழுத்தாகக் கொடுத்துவிட்டுப் போகிறார், பஸ்ஸில் ஒருவரும் பதறவில்லை. நான் மட்டும் அந்தக் காகிதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அவர் பையில் சில்லறை சேருகிறதா என்று பார்த்தபடி வந்தேன். முள்ளோடையில் எல்லை தாண்டுகிறது. அதுவரை இரண்டு பக்கமும் மதுக்கடை, அப்புறம் தமிழ்நாடு. ரூபாய் ஒன்று, வரி இரண்டு. சிகரெட் வாங்கப் பெல்ஜியத்துக்குக் கார் ஓட்டும் பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்திருப்பதால் இது மட்டும் எனக்குப் புதிதாக இல்லை. தென்பெண்ணை எப்போது வந்தது, எப்போது போனது என்று கவனிக்கவில்லை. இறங்கும் இடத்தில் நடத்துநர் கேட்காமலேயே மீதியைக் கையில் வைத்தார்.

அங்கிருந்து மஞ்சக்குப்பத்துக்கு நகரப் பேருந்து. பத்து ரூபாயை நீட்டினேன். "பெண்களுக்குக் காசு இல்லை அம்மா, உள்ளே வையுங்கள்" என்று கட்டணமில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் இப்படித்தானாம். பாரிசில் 2025-இல் மாதப் பயண அட்டைக்கு 88.80 யூரோ கட்டிக்கொண்டிருந்தேன்; அதில் பாதியை வேலை கொடுப்பவர் தர வேண்டும் என்று சட்டம் இருந்தும் ஒவ்வொரு மாதமும் எரிச்சலாக இருக்கும். இங்கே இந்தியக் குடிமகளாக இல்லாத நான் ஓசியில் போகலாமா என்று ஆயாவிடம் கிசுகிசுத்தேன். "அவர் உன்னிடம் பாஸ்போர்ட்டா கேட்டார்? உட்கார்."

மண்டப வாசலில் மேசை போட்டு இரண்டு பேர் மொய் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆயா உறைக்குள் இரண்டாயிரத்து ஒரு ரூபாய் வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தைய வாரம் இதைவிட நெருங்கிய உறவில் நடந்த கல்யாணத்துக்கு ஐந்நூற்று ஒன்றுதான் வைத்தார். கேட்டதற்கு அங்கே பதில் இல்லை. இரவு வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து அட்டை கிழிந்த நோட்டை எடுத்துப் போட்டார். என் அத்தையின் கல்யாண மொய் நோட்டு, 2005 தை மாதம். விரல் வைத்துக் காட்டிய வரியில் தேவனாம்பட்டினம் என்று ஊர்ப் பெயரும், பதினொரு ரூபாய் என்று தொகையும் இருந்தன. "சுனாமி வந்து முப்பது நாள்கூட ஆகவில்லை. படகு போய்விட்டது, வலை போய்விட்டது. வந்து வைத்துவிட்டுப் போனார்கள்" என்றார் ஆயா. நோட்டை வாங்கி மறுபடியும் துணியில் சுற்றினார்.

யாருடைய பணத்தையும் ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது என்பது பிரான்சில் என் அம்மா வளர்த்த வளர்ப்பு. தோழிகளோடு சாப்பிடப் போனால் மேசையை விட்டு எழுவதற்குள் ஆளுக்கு இவ்வளவு என்று சென்ட் வரைக்கும் பிரித்துவிடுவோம். மேசையைத் துடைத்தாற்போல் கணக்கும் துடைத்திருக்கும். இந்தப் பழக்கத்தோடுதான் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன்.

ஆயா வாடிக்கையாக வாங்கும் மீன்கார அம்மாவிடம் ஒரு கூறு சங்கரா நூற்றெண்பது ரூபாய். பையில் நூற்றறுபது இருந்தது. கைபேசியில் உயிர் இல்லை. "நாளைக்குக் கொடு பாப்பா" என்று மீனைப் பையில் போட்டு, கூடவே இரண்டு சின்ன மீனைக் கொசுறாகவும் போட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய்க் கைபேசிக்கு உயிர் கொடுத்து, அந்த வெயிலில் சைக்கிளை மிதித்துத் திரும்பி வந்து, அவருடைய மகன் எண்ணுக்கு இருபது ரூபாய் அனுப்பி, திரையைக் காட்டினேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஏன் பாப்பா, ஊருக்குத் திரும்பிப் போகிறாயா?"

இல்லை என்றேன்.

"பிறகென்ன அவசரம்?"

ஆயாவிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் மீன் வாங்க அவரே போனார். நான் செய்த காரியத்துக்கு அங்கே என்ன சமாதானம் சொன்னாரோ தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நான்தான் மார்க்கெட்டுக்குப் போனேன். நெத்திலி வாங்கிக்கொண்டு இருநூறு கொடுத்தேன். மீன்கார அம்மாவிடம் சில்லறை இல்லை. அவர் எனக்கு முப்பது ரூபாய் தர வேண்டும். நான் ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.