வாசல் காங்கிரீட்டில் ஊறிய ஆயில் கறையை எடுத்த அனுபவம்

எங்கள் வீட்டில் கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை காங்கிரீட் தளம். கீழ்வீட்டில் குடியிருந்தவர் பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றி வரும் குட்டி யானை வண்டியை அங்கேதான் நிறுத்துவார். இன்ஜின் ஆயில் சொட்டுச் சொட்டாக விழுந்து, அவர் வீடு மாறிப் போனபோது தாம்பாளம் அளவுக்கு ஒரு கறுப்புக் கறை தங்கிவிட்டது. அம்மா கோலம் போடும் இடமும் அதுதான். அந்தக் கறையில் கோலமாவு விழுந்தால் சற்று நேரத்தில் பழுப்பாகி, இழை கலங்கிவிடும். பாவம், கோலத்தையே ஓரமாகத் தள்ளிப் போட ஆரம்பித்தார். மார்கழிக்குள் இதை எடுத்தே தீரவேண்டும் என்று இறங்கினேன்.

ஹார்டுவேர் கடையில் கேட்டால் பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். தளத்தில் கைவைக்கும் முன் அதை ஓர் உடைந்த காங்கிரீட் துண்டில் ஊற்றிப் பார்த்தேன். புஸ்ஸென்று பொங்கியது. நுரை அடங்கியபின் விரலால் தேய்த்தால் மேல்பூச்சு மணல் மணலாக உதிர்கிறது. ஆசிட் தின்பது சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பை. ஆயிலை அது ஒன்றும் செய்யாது. அதோடு ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டச் சொல்பவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சடைக்கும். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

காங்கிரீட் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. நாள்பட்ட ஆயில் அவற்றில் இறங்கிவிடுகிறது. எத்தனை முறை கழுவினாலும் தரை காய்ந்ததும் கறை மறுபடி தெரிவது அதனால்தான். உள்ளே போனதை முதலில் மேலே இழுக்க வேண்டும். கழுவுவதெல்லாம் கடைசியில்தான்.

புழுதியோடு சேர்ந்து இறுகியிருந்த பிசுக்கை, பெயிண்டர்கள் பட்டி வைக்கும் பிளேடால் சுரண்டினேன். மரப்பட்டறையில் கேட்டு வாங்கிய மரத்தூளைப் பரப்பி, செருப்புக் காலால் நன்றாக மிதித்துத் தேய்த்து, இரவு முழுக்க விட்டுப் பெருக்கினேன். புதிதாகச் சிந்திய ஆயிலுக்கு இதுவே பெரும்பகுதி வேலையை முடித்துவிடும். பழைய கறையில் மேலே இருப்பது மட்டும்தான் போகும்.

அப்புறம் பற்றுப் போட்டேன். கோலப்பொடி வாங்கி (அரிசிமாவு இல்லை, வெள்ளைக் கல்லை அரைத்து விற்பது) சல்லடையில் சலித்து நைசானதை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதில் மண்ணெண்ணெய் விட்டு, கரண்டியிலிருந்து வழியாத பதத்துக்குப் பிசைந்து, கறையைத் தாண்டி நாலு விரல் வெளியே வருமாறு அரை அங்குலக் கனத்துக்குப் பூசினேன். மேலே பிளாஸ்டிக் ஷீட், ஓரங்களில் செங்கல்.

மறுநாள் ஷீட்டை எடுத்துவிட்டுக் காயவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் பொறுமை மிகவும் முக்கியம். மூடியிருக்கும்போது மண்ணெண்ணெய் உள்ளே இறங்கி, கெட்டியான ஆயிலை இளக்குகிறது. திறந்துவிட்டால் அது மேலே வந்து ஆவியாகும். வரும்போது ஆயிலையும் இழுத்துவந்து மாவில் விட்டுவிடும். ஈரத்தோடு வழித்துவிட்டால் இளகிய ஆயில் கீழேயே நின்றுவிடும். வெள்ளை மாவு காயக் காய நடுவில் மஞ்சள் படர்ந்தது, அப்புறம் அது கரும்பழுப்பானது. ஓரம் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. அம்மா குனிந்து பார்த்து, "இவ்வளவும் உள்ளேயா இருந்துச்சு?" என்றார். உதிர்ந்ததை வாரிவிட்டு மறுபடி புதுப் பற்று, மாவு நிறம் மாறாமல் காயும் வரை.

ஒரு எச்சரிக்கை. மண்ணெண்ணெய் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனாலே அதன் ஆவி நெருப்புப் பட்டதும் பற்றக்கூடும். கடலூர் கத்திரி வெயிலில் தரை அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டிவிடும். நான் புரட்டாசியில் மழை இல்லாத நாட்களாகப் பார்த்து, வெயில் தாழ்ந்த பிறகுதான் செய்தேன். பக்கத்தில் விளக்கு, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அது மார்கழிக் குளிரிலும் பற்றிக்கொள்ளும்.

கடைசியாகக் கழுவல். எங்கள் போர் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. அதனால் ஒரு வாளி வெந்நீரில் முதலில் இரண்டு கைப்பிடி சலவை சோடாவைக் கரைத்து, பிறகு சோப்புத்தூளைப் போட்டேன். தண்ணீரிலுள்ள கால்சியத்தை சோடா பிரித்துவிடுவதால் சோப்பு ஒழுங்காக வேலை செய்கிறது. கையுறை அவசியம். தேய்க்க நைலான் பிரஷ் போதும். இரும்பு பிரஷ்ஷின் கம்பித் துணுக்குகள் தரையில் தங்கினால் துருக்கறை வந்து சேரும்.

தெருச் சாக்கடை கெடிலம் ஆற்றில் போய்ச் சேர்கிறது, அழுக்குத் தண்ணீரை அதில் விட மனம் வரவில்லை. மிச்ச மரத்தூளைக் கரை கட்டின மாதிரி சுற்றிலும் கொட்டி, அதிலேயே ஊறவிட்டு அள்ளினேன். கறுத்த மாவையும் அதையும் மூடிபோட்ட தகர டின்னில் அடைத்து, இன்னதென்று சொல்லிக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுத்தேன்.

இப்போது காய்ந்த தரையில் கறை தெரியவில்லை. தண்ணீர் தெளித்தால் மட்டும் அந்த இடம் கொஞ்சம் தாமதமாக நனைகிறது. ஆழத்தில் இன்னும் சிறிது ஆயில் இருக்கிறது என்று அர்த்தம். கோலமாவு நிறம் மாறுவதில்லை, அதனால் அத்தோடு விட்டேன்.

இதைப் பார்த்துவிட்டு, முறுக்கு சுட்டு விற்கும் எதிர்வீட்டு அக்கா தன் பின்கட்டு சிமெண்ட் தரைக்கும் பற்றுப் போட வேண்டுமா என்று கேட்டார். அது பாமாயில் கறை. சமையல் எண்ணெய் சோடாவின் காரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சோப்பாகவே மாறும். பெட்ரோலியத்திலிருந்து வரும் இன்ஜின் ஆயில் அப்படி மாறாது. "உங்களுக்கு மண்ணெண்ணெயே வேண்டாம்க்கா" என்று சொல்லி, சூடான சோடாத் தண்ணீரை ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேய்க்கச் சொன்னேன். அவர் தரை அதிலேயே வெளுத்துவிட்டது.